வாலில் கட்டிய எலுமிச்சை

பாப்பாரப்பட்டி அஞ்சல்
14.4.2024

மரியே வாழ்க.

நாத்தனார் ஜெசிந்தாவுக்கு அண்ணி சகாயமேரி எழுதுவது. இங்கே நானும் மாடும் கோழிகளும் சுகம். உன் அண்ணன் பாதி சுகம். அங்கே நீயும் மடத்துச் சிஸ்டர்மாரும் முழுச் சுகமாக இருக்க மாதாவைக் கேட்டுக்கொள்கிறேன். சிஸ்டர் என்றால் 'நீங்கள்' போட வேண்டும், நாத்தனார் என்றால் 'நீ' போதும். மூன்றாவதோடு நின்றவளுக்கு எழுத்து எதில் குறைவோ அதுதான் வசதி.

பாதி சுகம் என்று எழுதியது விளையாட்டுக்கு இல்லை. பொங்கல் கழிந்த வாரம் உன் அண்ணனுக்கு இடது பக்கம் இழுத்துவிட்டது. மொரப்பூர் ஸ்டாண்டில் பஸ்ஸை நிறுத்தி இறங்கினவர், காலை ஊன்ற முடியாமல் டயருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். தர்மபுரி ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தோம். கால் திரும்பிவிட்டது, இழுத்து இழுத்து நடக்கிறார். கை சரியாக வரவில்லை. வாய் ஒரு பக்கம் தொங்குகிறது. முதலாளி பஸ்ஸுக்கு வேறு டிரைவர் போட்டுவிட்டார். "ஜெசிக்கு மட்டும் தெரிய வேணாம், அது கம்பிக்குள்ள உக்காந்துகிட்டு அழுவும்" என்றார். நானும் சரி என்றேன். சரி என்றது வாய், எழுதுவது கை. உங்கள் மடத்தில் வெளியே வரவும் முடியாது, போனும் கிடையாது என்பதால்தான் இந்த வயதில் பேனா பிடித்திருக்கிறேன். நீ தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே.

இனி சிரிக்கிற சங்கதி. ஓசூர் கம்பெனியில் இருக்கிற நம் பிளசி, விரலுக்கு வேலை கொடுத்தால் கை தேறும் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு, அப்பாவுக்கு ஒரு பெரிய பெட்டி அனுப்பினாள். மிக்ஸி என்று நினைத்து ஆசையாகப் பிரித்தேன். உள்ளே வெள்ளையாக ஒரு விமானம். தெர்மாகோல் மாதிரி ஒரு பொருள். ரெக்கை தனியாக, வால் தனியாக, மூக்கில் மாட்ட ஒரு விசிறி, இரண்டு குச்சி முளைத்த ரிமோட் ஒன்று. கீழே நின்று குச்சியை ஆட்டினால் மேலே பறக்குமாம். பேரன் எடுக்கிற வயதில் மனுசனுக்கு விமானம். "ஏங்க, இதுல ஏறி ஓசூர் போலாங்களா, லக்கேஜுக்குத் தனியா கேப்பீங்களா?" என்று கேட்டேன். சிரிக்கவே இல்லை. அன்றைக்கே அவருக்கு பைலட் என்று பேர் வைத்துவிட்டேன். இப்போது பால் சொசைட்டியில்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

மாடு கத்துகிறது. பதில் போடு.

உன் அண்ணி
சகாயமேரி


2.5.2024

இயேசுவில் அன்புமிக்க அண்ணிக்கு,

இறைவன் அருளால் நலமாக இருக்கிறேன். உங்கள் உடம்பும் பிளசியின் உடம்பும் நலமா? அண்ணனைப் பற்றிப் படித்தபின் இரண்டு நாள் என்னால் சரியாகச் செபிக்க முடியவில்லை. எனக்கு மறைத்ததற்காகக் கோபிக்க மாட்டேன். அண்ணன் அப்படிப்பட்டவர்தான். நான் ஒன்றும் தெரியாதவளாகவே இருந்துகொள்கிறேன்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்களுக்கு வரும் கடிதங்களை மதர் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். உங்கள் கடிதத்தைக் கொடுக்கும்போதே அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மாலையில் நாங்கள் கூடிப் பேச அனுமதி உள்ள நேரத்தில் அதை வாசிக்கச் சொன்னார். அண்ணன் நோயைப் பற்றிய பகுதியை விட்டுவிட்டு வாசிக்கப் பார்த்தேன். மதர் விடவில்லை, "எல்லாவற்றையும் வாசி, செபிக்க வசதியாக இருக்கும்" என்றார். மிக்ஸி என்று நினைத்துப் பிரித்த இடத்தில் எங்கள் வயதான எலிசபெத்தம்மா சகோதரிக்குப் புரையேறிவிட்டது. வெளியுலகச் சிரிப்பு இங்கே அரிதாகத்தான் வரும். அடிக்கடி எழுதுங்கள். விமானம் பறந்ததா என்று எல்லாரும் கேட்கிறார்கள்.

மன்றாட்டுகளுடன்,
ஜெசிந்தா


20.5.2024

மரியே வாழ்க.

நாத்தனாருக்கும், சுற்றி உட்கார்ந்து கேட்கிற எல்லாச் சிஸ்டர்மாருக்கும் சகாயமேரியின் தோத்திரம். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, மற்றபடி சுகம். எலிசபெத்தம்மா சிஸ்டருக்குத் தண்ணீர் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை வாசி.

பைலட் விமானம் கட்டின கதை சொல்கிறேன். மாதா படத்துக்கு முன்னால் செல்போனைச் சாய்த்து வைத்து, அதில் ஒருத்தன் சொல்லச் சொல்லச் செய்கிறார். நான் மாதாவுக்கு விளக்குப் போட வேண்டுமென்றால் அவனிடம் கேட்டுத்தான் போட வேண்டும். வலது கை திருகாணி முடுக்குகிறது. இடது கையைத் தூக்கி ரெக்கை மேல் வைத்துக்கொள்கிறார், காகிதம் பறக்காமல் கல் வைப்போமே அந்த மாதிரி. "கைக்கு ஒரு வேலை கெடச்சிடுச்சு" என்றேன்.

ரெக்கையிலும் வாலிலும் சின்னச் சின்ன மடல் இருக்கிறது. வயிற்றுக்குள் இருக்கிற மெஷினிலிருந்து கம்பி போய் அதை ஆட்டும். குச்சியை வலது பக்கம் தள்ளினால் வலது ரெக்கை மடல் மேலே எழ வேண்டுமாம். இவருக்குக் கீழே போனது. பதறிப்போனார். அதைத் திருப்பிவிட ரிமோட்டிலேயே ஒரு சுவிட்ச் உண்டாம். அப்படி ஒரு சுவிட்ச் கல்யாணத்தன்றே எனக்குக் கொடுத்திருக்கலாம். முதலில் ரிமோட்டைப் போட வேண்டும், அப்புறம்தான் விமானத்தில் பேட்டரி. மாற்றிச் செய்தால் விசிறி தன்னாலே சுற்றி விரலைச் சீவிவிடுமாம். இதையெல்லாம் வேதபாடம் மாதிரி எனக்கு ஒப்பிக்கிறார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பூசை ஒன்று இருக்கிறது. ரெக்கைக்கு அடியில் பேனாவில் இரண்டு புள்ளி வைத்து, அதை இரண்டு விரலில் தூக்கினால் விமானம் தராசுக் கம்பு மாதிரி மட்டமாக நிற்க வேண்டும். இவர் இடது விரல்தான் ஆடுகிறதே, அதனால் பலகையில் இரண்டு பென்சில் நட்டு அதன்மேல் வைக்கிறார். பேட்டரியை ஒரு அரிசி நீளம் முன்னே, ஒரு அரிசி நீளம் பின்னே. அரை நாள் போயிற்று. கடைசியில் மட்டமாக நின்றதும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் வாயில் போட வைத்திருந்த வெற்றிலையை அதன் வாலில் வைத்தேன். வால் சாய்ந்துவிட்டது. "பாத்தியா, ஒரு வெத்தலைக்கே எறங்குது. வாலு கனத்தா மூக்கத் தூக்கும், தூக்கிக்கிட்டு நிக்கும், நின்னா வுழுந்துடும்" என்றார். நம்ம ஊர்ப் பிரசிடெண்டு கதை மாதிரியே இருக்கிறதே என்றேன். அதற்கும் சிரிக்கவில்லை.

ஏரியில் தண்ணீர் இல்லை, அங்கேதான் பறக்க விடுவது. ஓடி வந்து எறிய அவருக்குக் கால் இல்லை, ரிமோட்டை வைத்துக்கொண்டு எறியக் கையும் இல்லை. எறிகிற வேலை எனக்கு. காற்று வருகிற திசையைப் பார்த்து மட்டமாகத் தள்ள வேண்டுமாம். நான் வைக்கோல் போருக்குக் கட்டு எறிகிற மாதிரி மேலே எறிந்தேன். ஒரு குட்டிக்கரணம் போட்டுக் கருவேல மரத்தில் போய் உட்கார்ந்தது. முள்ளோடு எடுத்து வந்து ஒட்டினார். அடுத்த தரம் பறந்தது. போகும்போது சரி, நம்மைப் பார்த்துத் திரும்பி வரும்போது இடது வலதாகிவிடுமாம், வலது இடதாகிவிடுமாம். குழம்பிப்போய் ஏரிக்கரையில் மோதினார். ஆடு மேய்க்கிறவர்கள் எல்லாம் கைதட்டினார்கள்.

வாசித்து முடித்து மறுபடி வாசிக்கச் சொன்னால் வாசி.

சகாயமேரி


9.6.2024

அன்பு அண்ணிக்கு வணக்கமும் செபங்களும்.

மழைக் குளிரில் இருமல், மற்றபடி நலம். மறுபடி வாசிக்கச் சொன்னார்கள், வாசித்தேன். வெற்றிலை வைத்த இடத்தில் மதரே நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். இப்போது இங்கே யாரும் 'ஜெசிந்தாவின் அண்ணன்' என்று சொல்வதில்லை. 'பைலட் அண்ணா'தான். இரவுச் செபத்திலும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் வேண்டுகிறார்கள்.

ஒன்று கேட்கலாமா? அண்ணன் சிரிக்கவில்லை, சிரிக்கவில்லை என்று இரண்டு கடிதத்திலும் எழுதியிருக்கிறீர்கள். முன்பெல்லாம் ஒரு பஸ் ஆட்களையும் சிரிக்க வைத்துக்கொண்டே ஓட்டுவாரே. அவர் மனம் எப்படி இருக்கிறது?

ஜெசிந்தா


5.7.2024

மரியே வாழ்க.

நாத்தனாருக்கு அண்ணி எழுதுவது. உன் இருமலுக்கு மிளகுக் கஷாயம் வைத்துத் தர அங்கே யாருமில்லையா? இங்கே காற்றுக்காலம் தொடங்கிவிட்டது. எனக்கு முழங்கால் வலி, மாடு சினை.

அவர் மனசு எப்படி என்று கேட்டிருந்தாய். வாயில் பாதிதான் வேலை செய்கிறது, அதை வைத்து எப்படிச் சிரிப்பார்? முன்பு பஸ் ஆட்களைச் சிரிக்க வைத்தார் என்கிறாயே, யாரை வைத்துச் சிரிக்க வைத்தார் என்று உனக்குத் தெரியாது. நான் ஏறினால் போதும். "மூணாங்கிளாஸ் ஏறியாச்சு, ரைட்டு" என்பார். போர்டைத் தப்பாகப் படித்து நான் வேறு பஸ்ஸில் ஏறிப் பென்னாகரம் போன கதையைத் தர்மபுரி போகிறவரைக்கும் சொல்வார். முன் சீட்டு முழுக்கச் சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஒவ்வொரு சந்தை நாளும் இதுதான். இப்போது என் முறை, அவ்வளவுதான்.

விசேஷம் என்னவென்றால் பைலட் நிஜமாகவே ஓட்டக் கற்றுக்கொண்டார். இடது குச்சி விசிறி வேகத்துக்கு. அது விட்ட இடத்திலேயே நிற்கும், அதனால் அந்தக் கைக்குக் கஷ்டமில்லை. மற்றதெல்லாம் வலது கைதான். விடிந்ததும், காற்றுக் கிளம்புகிறதற்கு முன்னால் ஏரிக்குப் போகிறோம். நான் எறிகிறேன், அது ஏரியைச் சுற்றி வந்து அவர் காலடியில் இறங்குகிறது. பொய் சொல்லக் கூடாது, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

அதோடு விட்டாரா? நேராகப் பங்குச் சாமியாரிடம் போய், செப்டம்பர் திருநாளில் மாதா தேர் கோயிலைச் சுற்றி வரும்போது மேலிருந்து பூத்தூவ விடுங்கள் என்று கேட்டிருக்கிறார். வயிற்றுக்கு அடியில் ஒரு கப் மாட்டி, அதற்குக் கதவு வைத்து, ஒரு பட்டனில் திறக்கிற மாதிரி செய்துவிட்டார். அந்தக் கப்பும் இரண்டு புள்ளிக்கும் நேர் கீழே. பூ இருந்தாலும் கொட்டினாலும் மட்டம் மாறக் கூடாதாம். கொடியேற்றத்தன்று ஜனங்களுக்கு முன்னால் ஒரு தரம் ஓட்டிக் காட்டு, சரியாக வந்தால் தேருக்கு நீதான் என்று சாமியார் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தினமும் முகச்சவரம், யூனிபாரம் சட்டைக்கு இஸ்திரி. இழுத்துக்கொண்டபிறகு கோயிலுக்கே பின்வாசலில் வந்து பின்வாசலில் போகிற மனுசன்.

நேற்று சாப்பிடும்போது சொன்னார்: "மேரி, அன்னிக்கு ஒரு நாளு மட்டும் என்னய வெச்சு சிரிக்காத. ஒரு நாளுதான். அப்பறம் உன் இஷ்டம்."

"சரிங்க பைலட்" என்றேன்.

முழங்காலுக்கு ஒரு செபம் போடு.

சகாயமேரி


28.7.2024

அன்பு அண்ணிக்கு,

உங்கள் முழங்கால் வலி நீங்க ஒன்பது நாள் செபம் ஒப்புக்கொடுத்திருக்கிறேன். என் இருமல் தேறிவிட்டது.

மூணாங்கிளாஸ் கதை எனக்குத் தெரியும், அண்ணி. அந்த முன் சீட்டில் நானும் உட்கார்ந்து சிரித்திருக்கிறேன். மன்னியுங்கள்.

அண்ணன் கேட்டதை அப்படியே செய்துவிடுங்கள். அன்று ஒரு நாள் சிரிக்காதீர்கள். கோயிலுக்கு அவர் முன்வாசலில் வரட்டும். இங்கே எல்லாரும் அந்த நாளுக்காக வேண்டுகிறோம். எலிசபெத்தம்மா சகோதரி காலண்டரில் குறித்து வைத்திருக்கிறார். எப்படி நடந்தாலும் ஒன்று விடாமல் எழுதுங்கள்.

ஜெசிந்தா


1.9.2024

மரியே வாழ்க.

நாத்தனாருக்கும் சிஸ்டர்மாருக்கும் அண்ணியின் தோத்திரம். எல்லாரும் சுகமாக இருக்கிறீர்களா? ஒன்று விடாமல் எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாருக்கும் அடி இல்லை.

கொடி ஏற்றியாயிற்று. கோயில் மைதானம் முழுக்க ஜனம். பாப்பாரப்பட்டிச் சந்தையே வந்துவிட்ட மாதிரி. பைலட் யூனிபாரம் சட்டை போட்டு முன்வாசல் வழியாகவே வந்தார். சாமியார் விமானத்துக்குத் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். புது வண்டி என்றால் தீர்த்தம் மட்டும் போதுமா? நம் ஊரில் சைக்கிள் வாங்கினால்கூட எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டாமல் உருட்டுகிறார்களா? இத்தனை கண்ணு படுகிற வண்டிக்கு ஒன்றும் இல்லையே என்று நான் வீட்டிலிருந்தே கோத்து எடுத்துப் போயிருந்தேன். நடுவில் நல்ல பெரிய பழம், மேலும் கீழும் மிளகாய், கூடவே வேளாங்கண்ணியில் வாங்கின பித்தளை மாதா சுரூபம். லாரிக்கு முன்னால்தான் கட்டுவார்கள். இதற்கு முன்னால் விசிறி, கட்டினால் ஜூஸ் ஆகிவிடும். அதனால் வாலில் கட்டினேன். ஜனம் பார்த்துக் கொல்லென்று சிரித்தது. நான் சிரிக்கவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டுதான் நின்றேன். மாதா சாட்சி.

பைலட் வந்து பார்த்தார். என்னை ஒரு பார்வை. வலது கையால் முடிச்சைப் பிடித்தார். அது கன்றுக்குட்டிக்குப் போடுகிற முடிச்சு, இரண்டு கை இருந்தாலே வராது. இடது கையைத் தூக்கி வாலைப் பிடிக்கப் பார்த்தார், வழுக்கி வழுக்கி விழுந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "கழட்டுனா கண்ணு படுங்க" என்றேன். மைக் செட் மாதுவிடம் போய்க் கத்தி இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார். மாது சும்மா இருப்பானா? மைக்கில் போட்டுவிட்டான். "பைலட் கத்தி கேக்கறாரு, விமானத்தக் கடத்தப் போறாரு, பயணிகள் யாரும் பயப்பட வேணாம்." ஜெசி, சிரிப்பு என்றால் கொடிமரம் ஆடுகிற மாதிரி சிரிப்பு. பல்லைக் கடித்து என்ன பிரயோசனம், நானும் விழுந்து விழுந்து சிரித்துவிட்டேன்.

அவர் வயிற்றைத் திறந்து பேட்டரியை முன்னால் தள்ளினார். அதற்கு மேல் தள்ள இடமில்லை. இரண்டு புள்ளியில் தூக்கிப் பார்த்தார், வால் தொங்கியது. பூசைக்கு நேரமாகிறது சின்னப்பராஜ் என்று சாமியார் கடிகாரத்தைப் பார்த்தார். இவர் ஜனத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என்னிடம், "எறி" என்றார்.

எறிந்தேன். மூக்கைத் தூக்கிக்கொண்டு செங்குத்தாக ஏறிற்று. கோபுர உயரத்தில் அப்படியே நின்றது. நின்று, ஒரு பக்கம் சாய்ந்து, சமையல் பந்தல் மேல் விழுந்து, டியூப் லைட்டை உடைத்துக்கொண்டு சாம்பார் அண்டாவில் இறங்கிற்று. ரோஜா இதழ் எல்லாம் சாம்பாரில். "விமானம் பத்திரமாகத் தரை இறங்கிவிட்டது, பயணிகள் தட்டெடுத்து வரவும்" என்று மாது சொன்னான். இத்தனைக்கும் அவர் ரிமோட்டைக் கீழே வைக்கவில்லை, குச்சியை ஆட்டிக்கொண்டே நின்றார்.

வீட்டுக்கு வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "வாலுல எதுக்குக் கட்டுன மேரி?"

ஒரு எலுமிச்சம்பழம் அவ்வளவு கனக்கும் என்று எனக்கு என்ன தெரியும்?

எலிசபெத்தம்மா சிஸ்டர் எந்த இடத்தில் சிரித்தார் என்று எழுது.

சகாயமேரி


29.9.2024

மரியே வாழ்க.

நாத்தனாருக்கு அண்ணி எழுதுவது. உன்னிடமிருந்து பதிலே இல்லை. உடம்புக்கு ஏதாவதா? தபால் தவறியிருக்கும் என்று நினைத்து இதை எழுதுகிறேன். மாடு கிடாரிக்கன்று போட்டிருக்கிறது. கொழுக்கு மொழுக்கென்று இருக்கிறது.

திருநாள் நன்றாக நடந்தது. தேருக்குப் பூத்தூவ பாப்பாரப்பட்டியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிற முருகேஷ் வந்தான். கல்யாணத்துக்குப் படம் எடுக்கிற டிரோன் வைத்திருக்கிறான். நின்ற இடத்தில் நிற்கிறது, சொன்ன இடத்தில் கொட்டுகிறது. பூ நிரப்ப ஒரு ஆள் வேண்டும் என்றான். சும்மா நிற்கிறாரே என்று நான்தான் உன் அண்ணனைப் பிடித்துத் தட்டை அவர் கையில் கொடுத்தேன். பைலட்டுக்குப் புரமோஷன், இப்போது கண்டக்டர் என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். தேர் கோயிலைச் சுற்றி வருகிற வரைக்கும் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். முருகேஷ் நல்ல பிள்ளை, அண்ணா அண்ணா என்று மரியாதையாகத்தான் வாங்கிக்கொண்டான்.

பிளசி திருநாளுக்கு வந்திருந்தாள். வந்ததிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது, "வெத்தல வெச்சுப் பாத்தவதானே நீ. உனக்குத் தெரியும்மா" என்றாள்.

எனக்கு என்ன தெரியும்? மூன்றாம் கிளாஸ் படித்தவளுக்கு விமானத்தைப் பற்றி என்ன தெரியும்? அதையேதான் அவளிடமும் சொன்னேன். பஸ் ஏறிப் போய்விட்டாள். போன் எடுப்பதில்லை.

நீயாவது எழுது. அங்கே எல்லாரும் கேட்டார்கள்தானே?

சகாயமேரி


6.10.2024

என் அன்பு அண்ணன் சின்னப்பராஜுக்குத் தங்கை ஜெசிந்தாவின் வணக்கம்.

அண்ணா, உங்கள் உடல்நலத்துக்காக நாள்தோறும் மன்றாடுகிறேன். அண்ணிக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் ஒரு மாதம் கழித்துவிட்டேன். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

மனம் தளராதீர்கள். ஒரு தரம் விழுந்தால் என்ன? விமானத்தை ஒட்டிவிடலாம் என்று அண்ணி முன்பே எழுதியிருக்கிறார். உங்கள் இடது கை மெல்லத் தேறிவிடும். காலும் வாயும் தேறிவிடும். இங்கே மடம் முழுவதும் பைலட் அண்ணாவுக்காக வேண்டுகிறது. ஆரம்பத்திலிருந்து எல்லாரும் உங்களோடுதான் இருக்கிறோம். விமானப் பெட்டி வந்த நாள், கருவேல மரம், அந்த வெற்றிலை, எல்லாம் எங்களுக்கு மனப்பாடம். கொடியேற்றத்தன்று நடந்ததை என்னால் வாசிக்க முடியவில்லை, மதரே எடுத்து வாசித்தார். எலிசபெத்தம்மா என்று ஒரு வயதான சகோதரி, கத்தி கேட்ட இடத்தில் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டார். பிறகு அதற்கு வருந்தி உங்கள் பெயருக்கு ஒரு நவநாள் செபம் தொடங்கியிருக்கிறார். இவ்வளவு பேருடைய அன்பு உங்களுக்கு இருக்கிறது, அண்ணா.

மறுபடியும் பறக்க விடுங்கள். எனக்காக.

உங்கள் தங்கை
ஜெசிந்தா


20.10.2024

ஜெசிப் பாப்பாவுக்கு அண்ணன் எழுதுவது. நலம்.

உன் கடிதம் கிடைத்தது. கையைப் பற்றி உனக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். வாயைப் பற்றியும்.

உன்னை மடத்தில் விட வந்த அன்று, கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சிஸ்டர், உங்க அண்ணனா, இவ்வளவு உயரமா என்று கேட்டார்கள். நீ சிரித்தாய். இங்கே என்ன ஆனாலும் அங்கே நான் அப்படியே நின்றுகொண்டிருக்கிறேன் என்று ஒரு நினைப்பு. ஊரில் யாராவது சிரிக்கும்போது அதை நினைத்துக்கொள்வேன்.

மேரியைக் கோபிக்காதே. சிரிக்க வைக்கத் தெரிந்தவர்களுக்கு நிறுத்தத் தெரியாது. எனக்கும் தெரிந்ததில்லை.

நவநாள் தொடங்கின சிஸ்டருக்கு என் வந்தனம். முடிந்ததும் நிறுத்திவிடச் சொல். எனக்கு இனி எழுத வேண்டாம். அவளுக்கு எழுது, தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

சின்னப்பராஜ்


8.12.2024

மரியே வாழ்க.

நாத்தனாருக்கு அண்ணி எழுதுவது. நீ சுகமா? நான் சுகம் என்று எழுதவே உட்கார்ந்தேன். மழை விட்டுப் பனி தொடங்கிவிட்டது.

நீ அவருக்கு என்ன எழுதினாய், அவர் உனக்கு என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை. உன் கடிதத்தை அவர் என்னிடம் காட்டவில்லை. படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஏரிப்பக்கம் போனார். வரும்போது பையில் இல்லை.

விமானத்தை முருகேஷுக்குக் கொடுத்துவிட்டார். ரிமோட்டையும்தான். ஸ்டூடியோவில் தொங்கவிட்டிருக்கிறான். சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்திப் பிறந்தநாள் படம் எடுக்கிறான். போன வாரம் அந்த வழியாக இவரைக் கூட்டிக்கொண்டு போனேன். "உங்க பிளேனு எப்பிடி சம்பாதிக்குது பாருங்க" என்றேன்.

சிரித்தார்.

அதைத்தான் எழுத வந்தேன், ஜெசி. இப்போது சிரிக்கிறார். நான் வாயைத் திறந்ததும், பாதி சொல்லும்போதே, அந்த ஒரு பக்க வாயால் சிரித்துவிடுகிறார். சோறு போடட்டுமா என்றால் சிரிக்கிறார். பிளசி போன் எடுக்கவில்லை என்றால் சிரிக்கிறார். கிடாரிக்கன்று சீக்கு வந்து செத்துப்போயிற்று, அழுதுகொண்டே வந்து சொன்னேன், அதற்கும் சிரித்தார். டீக்கடையில் யார் என்ன கேட்டாலும் அதே சிரிப்பு. நல்லா கலகலப்பா ஆயிட்டாரு உங்க வூட்டுக்காரரு என்று மாது என்னிடமே சொல்கிறான்.

டாக்டரிடம் காட்டினேன். மூளையில் புதுசாக ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறார் என்கிறார்.

நான் இப்போது கிண்டல் பண்ணுவதில்லை. பைலட் என்று கூப்பிடுவதில்லை. வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டேன், பேசினால் சிரிப்பாரே என்று. நேற்று அவர் எதிரில் உட்கார்ந்து, "ஏங்க, என்னயத் திட்டுங்க. மூணாங்கிளாஸுன்னு சொல்லுங்க. ஒரு வாட்டி சொல்லுங்க" என்றேன்.

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார்.

இந்தக் கடிதத்தை மதர் முதலில் படிப்பார் என்று தெரியும். படிக்கட்டும். மற்ற யாருக்கும் வாசித்துக் காட்டாதே, ஜெசி.

சகாயமேரி